கடிதம் சுமந்தவர் பெயர் எங்கே?

சாந்தோம் பேராலயத்திலிருந்து வடக்கே, கலங்கரை விளக்கத்தை நோக்கிக் கடலோரமாக நடந்து செல்வோர் நொச்சிக்குப்பத்தைக் கடந்தே செல்ல வேண்டும். இடப்புறம் வாரியத்தின் அடுக்கு வீடுகள். வலப்புறம் மணலில் ஏற்றி வைத்த படகுகள், காய்கின்ற வலைகள், அவற்றிற்கு அப்பால் வங்கக் கடல். நடுவே லூப் சாலை. அச்சாலையோரத்தில் மீன் விற்று வந்தவர்களை முன்னிட்டு 2023 ஏப்ரலில் எழுந்த வழக்கையும் போராட்டத்தையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே 300-க்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட மீன் அங்காடி திறக்கப்பட்டது.

அந்நாள்களில் அம்மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: தலைமுறை தலைமுறையாக நாங்கள் இக்கரையில்தான் இருக்கிறோம் என்பது. அது மெய்யென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நாம் வாழும் காலம் வாய்ச்சொல்லை ஏற்கும் காலமன்று. தாளைக் கேட்கும் காலம். அத்தாள் எங்கே இருக்கிறது? யார் எழுதினார்கள்? யார் காத்தார்கள்? ஓர் ஊரின் பழமையைக் காக்கும் காப்பகங்களைப் பற்றிச் சிந்திக்கப் புகுந்த நாம், நொச்சிக்குப்பத்தின் மணலில் நின்று அச்சிந்தனையைத் தொடங்குவது இதனாலேயே.

மதில் காக்கும் மலர்

நொச்சி என்பது நம் வீட்டுப் பெரியோர் நன்கறிந்த செடி. தலைப்பாரத்திற்கு அதன் இலையைக் கொதிநீரில் இட்டு ஆவி பிடிப்பர். நெல்லையும் பயற்றையும் பூச்சி அரிக்காதிருக்க அதன் தழையை இடையிடையே இட்டு வைப்பர். தமிழிலக்கணம் இச்செடிக்கு வேறொரு பெருமையும் தந்துள்ளது. பகைவர் முற்றுகையிடும்போது தன் கோட்டை மதிலைக் காக்க நிற்கும் வீரன் சூடும் பூ நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலையில் இதற்கெனத் தனிப் படலமே உண்டு.

காப்பகம் என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாக விளக்கும் உவமையை நாம் கண்டதில்லை. செல்லரிப்பு, ஈரம், தீ, மறதி என்னும் முற்றுகைக்கு எதிரே ஏடுகளைச் சுற்றி மதிலாக நிற்பதே ஆவணக் காப்பாளரின் பணி. ஆனால் மதிலுக்கு உள்ளே யார், வெளியே யார் என்னும் கேள்வி எந்தக் கோட்டையிலும் எழும். காப்பகமும் அதற்கு விலக்கன்று.

எழும்பூரின் ஏடுகள்

சென்னையின் பழைய ஆவணங்களைத் தேடுவோர் முதலில் செல்லுமிடம் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டையில் 1670-களிலிருந்து எழுதி வந்த ஆலோசனைக் குறிப்புகள் அங்குள்ளன. தொடக்கத்தில் அவை கோட்டையின் அறைகளிலேயே கிடந்தன. 1805-இல் ஆளுநர் பெண்டிங்கு காலத்தில் அவற்றுக்கென ஓர் ஆவண அறை ஏற்பட்டது. 1909-இல் எழும்பூரில் செந்நிறக் கட்டடம் எழுந்தது. அங்கே காப்பாளராகப் பணியாற்றிய வரலாற்றறிஞர் டாட்வெல் பழைய ஏடுகளை ஒழுங்குபடுத்தவும் அச்சிடவும் உழைத்தார். ஆங்கில ஏடுகளோடு, கொச்சியின் ஒல்லாந்தர் ஏடுகளும் தரங்கம்பாடியின் தேனியர் ஏடுகளும் இங்கு உள்ளன.

இவ்வேடுகளைக் கொண்டே ஹென்றி டேவிசன் லவ் என்பவர் 1640 முதல் 1800 வரையிலான சென்னை வரலாற்றைப் பெரும் தொகுதிகளாக எழுதி 1913-இல் வெளியிட்டார். இன்றும் சென்னை வரலாற்றை எழுதுவோர் அனைவரும் அந்நூலின் தோளில் ஏறி நின்றே எழுதுகின்றனர். சாந்தோம் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் 1672-இல் கைப்பற்றி 1674-இல் இழந்ததும், பின்னர் அதன் மதில்கள் இடிக்கப்பட்டதும், 1749-இல் ஆங்கிலேயர் சாந்தோமைத் தமதாக்கிக்கொண்டதும் நமக்குத் தெரிவது இத்தகைய ஏடுகளால்தான். மதில் மறைந்துவிட்டது; மதிலைப் பற்றி எழுதிய தாள் நிலைத்திருக்கிறது.

இனி, இவ்வேடுகளில் கடற்கரை மக்களைத் தேடுவோம்.

சென்னைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். கரையில் ஓயாது மடங்கி விழும் அலைகளைக் கடந்து ஆள்களையும் சரக்குகளையும் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி அறைந்த படகு அவ்வலையில் பிளந்துபோகும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து அவற்றைச் செய்தனர். அப்படகும் செல்ல இயலாதவாறு கடல் கொந்தளிக்கும் நாளில் கட்டுமரமே துணை. கப்பலுக்கும் கோட்டைக்கும் இடையே கடிதங்களைக் கொண்டுசென்ற கட்டுமரத்தார், அவை நனையாதிருக்கத் தம் தலையில் அணிந்த கூம்புத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு அலைக்குள் பாய்ந்ததை அக்காலப் பயணிகள் வியந்து எழுதியுள்ளனர். அலை அவர்களைத் தூக்கி எறிந்தாலும் நீந்திச் சென்று மரத்தைப் பற்றி ஏறுவர், கடிதம் நனையாது.

வாசகர்கள் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழும்பூரிலும் இலண்டனிலும் இன்று காக்கப்படும் அக்காலக் கடிதங்களில் எத்தனையோ இம்மக்களின் தலைமேல் ஏறிக் கடலைக் கடந்தவை. கடிதத்தை எழுதியவரின் பெயர் உண்டு. பெற்றவரின் பெயர் உண்டு. அனுப்பிய நாளும் கப்பலின் பெயரும் உண்டு. சுமந்தவரின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ‘படகோட்டிகள்’, ‘கட்டுமரக்காரர்’, ‘முக்குவர்’ என்னும் தொகைப் பெயர்களே எஞ்சுகின்றன. கூலி கொடுத்த கணக்கிலும், சரக்கு நனைந்ததென்ற முறையீட்டிலும், வேலைக்கு வரவில்லையென்ற குற்றச்சாட்டிலும் அவர்கள் தலைகாட்டுவர், பிறகு மறைந்துவிடுவர். ஆட்சியாளர் தமக்கு வேண்டியதை எழுதி வைத்தனர். அதற்காக அவ்வேடுகளை ஒதுக்கவும் முடியாது. அவற்றில் ஓரமாய்த் தெரியும் மக்களைப் பொறுமையோடு தேடி எடுப்பது இன்று நமக்குள்ள கடமை.

சாந்தோமின் கற்கள்

அரசின் காப்பகத்தை விட்டு நம் வீட்டுக்கு வருவோம். 1606-இல் மயிலை மறைமாவட்டம் தோன்றியது. கோவா உயர்மறைமாவட்டத்தின் கீழ், பதுரவாதோ என்னும் போர்த்துக்கல் அரசரின் உரிமைக்கு உட்பட்டு நெடுங்காலம் அது இயங்கியது. ஆகவே மயிலையைப் பற்றிய பழந்தாள்கள் கோவாவிலும் லிஸ்பனிலும் உரோமையிலும் சிதறிக் கிடக்கின்றன. கோவாவில் 1595-இலேயே தியோகு தோ கோத்தோ என்னும் வரலாற்றாசிரியர் ஆவணக் காப்பாளராக அமர்த்தப்பட்டார் என்பது, போர்த்துக்கீசியர் தாளின் அருமையை அறிந்திருந்ததைக் காட்டும். 1952-இல் சென்னை உயர்மறைமாவட்டமும் மயிலை மறைமாவட்டமும் இணைந்தபோது, இருவேறு மரபுகளில் எழுதப்பட்ட ஏடுகளும் ஒரே குடும்பத்தின் உடைமையாயின.

தாளோடு கல்லும் உண்டு. பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு ஹோஸ்டன் சாந்தோமிலும் மயிலையிலும் கிடைத்த பழம்பொருள்களைத் தேடித் திரட்டி ஆராய்ந்தார். அவற்றைப் பற்றிய அவரது நூல், அவர் மறைந்த பின் 1936-இல் வெளிவந்தது. சாந்தோம் பேராலய வளாகத்தில் கிடைத்தவற்றுள் சிலுவை பொறித்த கற்களும் போர்த்துக்கீசியக் கல்லறைக் கற்களும் மட்டுமல்ல, சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் உண்டு. கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்றும், இன்றைய கோயில் பின்னர் மேற்கே எழுந்தது என்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். இதைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை. நமக்கு உவப்பானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதைத்துவிடும் இடத்தைக் காப்பகம் என்று அழைக்க முடியாது. அக்கற்களைக் காப்பதும், அவை யாருடைய கோயிலில் விளக்கெரியக் கொடுத்த கொடையைச் சொன்னாலும் அதை உள்ளபடியே படித்துக் காட்டுவதும் நேர்மையான பணி.

பெயர் எழுதிய ஏடு

அரச ஏட்டில் தொகைப் பெயராய் நின்றவர், தம் சொந்தப் பெயரோடு நிற்கும் ஏடு ஒன்று உண்டு. அதுவே பங்குப் பதிவேடு. திருமணம் புரிவோரின் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் நாளையும் இடத்தையும் பங்குக் குரு ஏட்டில் எழுதிக் காக்க வேண்டும் என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் பணித்தது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் ஐந்து ஏடுகளைக் கேட்டது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகிய நான்கும், ‘ஆன்மாக்களின் நிலை’ என்னும் ஐந்தாவதும். இவ்வைந்தாவது ஏடு வீடுவீடாகச் சென்று எழுதுவது. எந்த வீட்டில் யார் யார், என்ன வயது, யாருக்கு யார் உறவு என்பதையெல்லாம் அது சொல்லும். பங்கின் பழைய ஏடுகளைக் கவனமாய்க் காக்க வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் எண்ணிலும் உள்ளது.

பழைய திருமுழுக்கு ஏட்டை, அக்காலத்தார் சொன்னபடி ‘ஞானஸ்நானப் புத்தகத்தை’த் திறந்தால், கப்பலதிகாரியின் மகனும் கட்டுமரக்காரரின் மகளும் அடுத்தடுத்த வரியில் நிற்பதைக் காணலாம். குழந்தையின் பெயர், தாய் தந்தையர், ஞானப்பெற்றோர், நாள், குருவின் கையொப்பம் என இருவருக்கும் ஒரே அளவு இடம். எழுதிய குருவுக்கு வரலாறு எழுதுகிறோம் என்ற எண்ணமே இருந்திராது. தம் கடமையைச் செய்தார், அவ்வளவே. ஆயினும் வேறெந்த ஏடும் பெயர் சொல்லி அழைக்காத எளியவரை அவர் பெயர் சொல்லி எழுதி வைத்தார்.

நம் கையால் நேர்ந்த இழப்பு

இதுவரை எழுதியதைப் படித்து, நாம் ஏடுகளைப் போற்றிக் காப்பவர் என்று வாசகர் எண்ணினால் அது தவறு. ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும்.

குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் இம்மாநகரின் கடலோரப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாக இருந்தோம். ஆலயத் திருவிழா நெருங்கியது. விருந்தினர் தங்க அறை வேண்டியிருந்தது. அவ்வறையின் அலமாரியில் கறையான் தொட்ட பழைய நோட்டுகள் குவிந்து கிடந்தன. திருமுழுக்கு, திருமண ஏடுகள் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தன. இவை என்ன என்று புரட்டிப் பார்த்தோம். முன்னிருந்த குருக்கள் குடிசை குடிசையாகச் சென்று எழுதிய குடும்பக் கணக்குகள். பாதிப்பேர் இறந்திருப்பர், மீதிப்பேர் இடம் மாறியிருப்பர், இனி இவை எதற்கு என்று எண்ணினோம். இரண்டு சாக்கு நிறையக் கட்டிப் பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டோம். வந்த பணத்தில் திருவிழாவுக்குத் தோரணம் வாங்கினோம்.

சில ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26 வந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிறு காலை, கடல் ஊருக்குள் ஏறியது. உயிர் பிழைத்தோரிடமும் தாள் பிழைக்கவில்லை. அதற்குப் பிந்திய மாதங்களில் வேறு பங்கில் இருந்த நம்மைத் தேடி, அப்பழைய பங்கின் மூதாட்டி ஒருவர் பேரனோடு வந்தார். தம் குடும்பம் அக்கரையில் எத்தனை காலமாய்க் குடியிருக்கிறது என்பதற்குச் சான்று கேட்டிருக்கிறார்கள். திருமுழுக்கு ஏட்டில் அவர் கணவரின் பெயர் இருந்தது. ஆனால் ஊர் என்னும் கட்டத்தில் ‘குப்பம்’ என்ற ஒரே சொல்தான் இருந்தது. எந்தக் குப்பம், எந்த வரிசை, யார் வீட்டுக்குப் பக்கம் என்பதற்கு அதில் விடையில்லை.

“பெரிய சாமியார் எங்க குடிசை வாசல்ல உக்காந்து, எங்க மாமனாரைக் கூப்பிட்டு ஒவ்வொருத்தர் பேரா கேட்டு எழுதிக்கிட்டுப் போனாரே சாமி, அந்த நோட்டு இருக்குமா?” என்று கேட்டார்.

நாம் என்ன சொல்வோம்? தேடிப் பார்க்கிறோம் என்று சொன்னோம். அது பொய். தேட ஒன்றுமில்லை என்பது நமக்குத் தெரியும். நம் கைப்பட ஒரு சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். அது போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டதாகப் பின்னர் அறிந்தோம். அந்த நோட்டு இருந்திருந்தால் எல்லாம் நடந்திருக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் அவர்கள் பக்கத்தில் நின்று பேச அந்த ஒரு சாட்சியாவது இருந்திருக்கும். அந்தச் சாட்சியை எடைக்குப் போட்டவர் நாமே.

எருசலேம் முற்றுகைக்குள் இருந்தபோது இறைவாக்கினர் எரேமியா அனத்தோத்து ஊர் நிலத்தைப் 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கியதும், அந்தப் பத்திரங்களை மண்பாண்டத்தில் இட்டுக் காக்கும்படி பாரூக்கிடம் கூறியதும் நாம் அறிந்தவையே. குருமடத்தில் அப்பகுதியைப் படித்தபோது நம்பிக்கையின் அடையாளம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றோம். நிலப் பத்திரத்தைக் காப்பதும் அந்த நம்பிக்கையின் பகுதியே என்பதைக் கற்பித்தவர் அந்த மூதாட்டிதான்.

ஊர் நோட்டும் ஊரார் நினைவும்

நொச்சிக்குப்பத்திலும் அடுத்துள்ள குப்பங்களிலும் வாழ்வோர் பெரும்பாலோர் இந்து சமயத்தவர். பங்கு ஏட்டில் அவர்கள் இல்லை. அவர்களின் காப்பகம் எது?

மீனவ ஊர்களில் கோயில் திருவிழாவுக்கென ஊர்ப் பஞ்சாயத்தார் தலைக்கட்டு வரி வாங்குவர். வரி கொடுத்தோர் பெயரை நோட்டில் எழுதி வைப்பர். அந்த நோட்டில் பெயர் உள்ளவரே ஊரின் பங்குக்காரர். இவை எந்த நூலகப் பட்டியலிலும் இடம்பெறாதவை. எவர் வீட்டுப் பெட்டியிலோ துணி சுற்றிக் கிடப்பவை. ஆயினும் ஓர் ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட ஏடு என்ற வகையில், கோட்டையின் ஆலோசனைக் குறிப்புக்கு அவை இளைத்தவை அல்ல.

இத்தகைய எளிய தாள்களைக் காப்பது வீண் வேலை என்று எண்ணுவோருக்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைவூட்டுவோம். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர், தமிழ் நூல்களோடு திருமண அழைப்பிதழ், நாடக அறிவிப்பு என்று பிறர் கிழித்தெறிந்தவற்றையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 1 இலட்சம் பொருள்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அழைப்பிதழும் அறிவிப்பும் வரலாற்றுச் சான்றாகுமெனில், மீனவர் ஊரின் வரி நோட்டு ஆகாதா?

இது வெறும் பழமைப் பற்று அன்று. மெரினாவின் அகன்ற மணல்வெளியே துறைமுகம் கட்டத் தொடங்கிய 1870-களுக்குப் பின் கடல் ஒதுக்கித் தந்த நிலம். அம்மணல் சேரும் முன்பே கரையில் வலை உலர்த்தியவர் இருந்தனர். ஆனால் கடற்கரையை அழகுபடுத்த வேண்டும் என்ற எண்ணம் எழும்போதெல்லாம் படகும் வலையும் இடையூறாகவே தோன்றின. 1985-ஆம் ஆண்டு இறுதியில் மெரினாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் உயிர்கள் பலியாயின. 2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு, மீனவர் ஊர்களையும் அவர்களின் பொதுவிடங்களையும் நிலப்படத்தில் குறிக்க வேண்டும் என்றது. வலை உலர்த்தும் இடம், படகு நிறுத்தும் இடம் என்று எழுதப்படாத இடம் வெற்றிடமாகவே படத்தில் தெரியும். இதை உணர்ந்து சென்னையின் சில குப்பங்களில் இளைஞர்கள் தாமே அளந்து தம் ஊரின் படத்தை வரைந்துள்ளனர். கடிதம் சுமந்தோரின் வழிவந்தவர்கள் தம் ஏட்டைத் தாமே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

செய்யத்தக்கவை

பெருந்திட்டங்களைப் பற்றி நாம் பேசவில்லை. ஒவ்வொரு பங்கிலும், ஒவ்வோர் ஊரிலும் இன்றே செய்யத்தக்கவை சில. என்னென்ன ஏடுகள் உள்ளன, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று ஒரு பட்டியல் எழுதி, அதன் படியை வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். ஏடுகளைத் தரைத்தளத்தில் வைக்கலாகாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிழிந்த தாளைப் பசைநாடாவால் ஒட்டுவதும் கண்ணாடித்தாளில் வைத்து அழுத்துவதும் நன்மை போல் தோன்றித் தீமை விளைப்பவை. தூய பருத்தித் துணியில் சுற்றி வைத்தலே நன்று. ஒவ்வொரு பக்கத்தையும் ஒளிப்படம் எடுத்து இரண்டு இடங்களில் காக்கலாம். ஆனால் படம் எடுத்தாயிற்று என்று மூலத்தை எறிந்துவிடக் கூடாது. இனி எழுதும் ஏடுகளிலேனும், ‘குப்பம்’ என்று மட்டும் எழுதாமல் ஊரின் பெயரையும் தெருவையும் முழுமையாக எழுத வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பழைய ஏடுகளில் சாதிப் பெயர் உண்டு. தந்தையின் பெயர் வெற்றிடமாய் விடப்பட்ட குழந்தையும் உண்டு. நூறாண்டுக்கு முந்திய அவ்வெற்றிடம் இன்றும் ஒரு குடும்பத்தைப் புண்படுத்தலாம். ஆகவே ஏட்டைத் திறந்து காட்டுவதில் அன்பும் விவேகமும் வேண்டும். ஆராய்வோருக்கு வழிவிடுவதும் எளியவரின் மானத்தைக் காப்பதும் ஒருங்கே செல்ல வேண்டியவை. மறைக்கிறோம் என்னும் பெயரில் அழித்துவிடுவதோ, திறக்கிறோம் என்னும் பெயரில் தெருவில் போடுவதோ இரண்டும் பிழை. 1997-இல் திருச்சபையின் பண்பாட்டு உடைமைகளுக்கான உரோமை ஆணைக்குழு, காப்பகங்களைக் காப்பதை மேய்ப்புப் பணியாகவே கருதி மடல் எழுதியது. மந்தையைப் பெயர் சொல்லி அழைப்பவனே மேய்ப்பன் என்று நம்புவோர், பெயர் எழுதிய ஏட்டை எடைக்குப் போட முடியாது.

அந்த மூதாட்டி இன்று இல்லை. அவர் கேட்ட நோட்டை நாம் ஒருபோதும் கொடுக்கப் போவதில்லை. ஆயினும், இப்போது நாம் பணிபுரியும் பங்கில் மாலை வேளைகளில் ஒரு நீள நோட்டோடு வீடு வீடாகச் செல்கிறோம். வாசலில் அமர்ந்து, மூத்தவர் பெயர் தொடங்கிக் கைக்குழந்தை வரை கேட்டு எழுதுகிறோம். எதற்குச் சாமி இதெல்லாம் என்று கேட்போருக்கு, “இருக்கட்டும், பின்னாளில் யாராவது தேடி வருவார்கள்” என்று மட்டும் சொல்கிறோம்.